பொருளுக்கு மானியம் உண்டு, ஆளுக்கு?

2022 மார்ச் 1-ஆம் தேதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் ஓடவில்லை. 28 உற்பத்தி வரிசைகள் நின்றன; சுமார் 13,000 வண்டிகள் அன்று தயாராகவில்லை. டொயோட்டாவின் கணினிகளுக்குள் யாரும் புகுந்துவிடவில்லை. அதற்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுக்கும் கோஜிமா என்ற நிறுவனத்தின் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டிவிட்டது. தாக்கிய கும்பல் உள்ளே வந்த வழி கோஜிமாவின் வாசல்கூட இல்லை. அதன் துணை நிறுவனம் ஒன்று வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவி.

ஓசூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஊர். பின்னால் ஏத்தர் வந்தது, போச்சம்பள்ளியில் ஓலா வந்தது, கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்தது. இந்தப் பெரிய பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால், மூக்கண்டப்பள்ளி, பேகேப்பள்ளி, ஜூஜூவாடி, சிட்கோ தொழிற்பேட்டை எங்கும் டர்னிங், கிரைண்டிங், ஒயர்கட், பிரஸ் வேலை, பவுடர் கோட்டிங் என்று ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் முடித்துக் கொடுக்கும் சிறு கூடங்கள். பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்கிற இடங்கள். அங்கிருந்து போகவேண்டிய ஒரு புஷ் அன்று போகவில்லையென்றால் எங்கோ ஒரு லைன் நிற்கும்.

இந்தக் கூடங்களின் கணினிப் பாதுகாப்புக்கு அரசு பணம் தர வேண்டுமா? தர வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் தொழில் மானியம் தர அரசுக்குப் பழகிப்போன முறையில் தந்தால் அதில் பெரும்பகுதி வீணாகும் என்றும் நினைக்கிறேன்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓசூரே சாட்சி. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட், அன்றைய தருமபுரி மாவட்டத்தின் இந்த மேட்டுநிலத்தைத் தொழில் வளாகத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது, பெங்களூரு நாற்பது கிலோமீட்டரில் இருந்தது ஒரு காரணம். பின்தங்கிய பகுதி என்ற தகுதியும் அதோடு ஒட்டிக்கொண்ட சலுகைகளும் இன்னொரு காரணம். 1980-இல் டிவிஎஸ்ஸின் மொபெட்டும் லேலண்டின் லாரியும் இங்கே உருவாகத் தொடங்கின. 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். சலுகையும் மானியமும் கட்டிய ஊர் என்று ஓசூரைச் சொன்னால் பிழையில்லை. அது இகழ்ச்சியும் இல்லை.

ஆனால் அந்த மானியத்துக்கு ஒரு தருக்கம் உண்டு. தொழில்முனைவோர் இயந்திரம் வாங்குவார். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். மெஷின் நம்பரைக் குறித்துக்கொள்வார், பில்லையும் வங்கிச் சான்றையும் கோப்பில் சேர்ப்பார், தொகை விடுவிக்கப்படும். கண்ணால் பார்க்க முடிவதற்கும் எண்ண முடிவதற்கும் மட்டுமே பணம். தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் இடத்தில் நின்று பார்த்தால் இதில் தவறும் இல்லை. இன்றும் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் முதலில் காதில் விழும் பெயர்கள் நீட்ஸ், யுஒய்இஜிபி, பிஎம்இஜிபி, மூலதன மானியம், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். எல்லாமே தொழில் தொடங்கவும் இயந்திரம் வாங்கவும் பிறந்தவை.

கணினிப் பாதுகாப்பு அப்படி எண்ணிக் காட்டக்கூடிய பொருள் அல்ல. நேற்றைய பேக்கப் ஒழுங்காக எழுதப்பட்டதா என்று இன்று ஒருவர் பார்ப்பது பாதுகாப்பு. வேலையை விட்டுப்போன கணக்கரின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை அன்றே மாற்றுவது பாதுகாப்பு. மாதந்தோறும் வரும் மென்பொருள் திருத்தங்களை ஞாபகமாகப் போடுவது பாதுகாப்பு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைச் சுற்றியபோது அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே இலவசமாகத் திருத்தம் வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். சென்னையில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வரைக்கும் அதன் பாதிப்பு வந்தது. அங்கே குறைந்தது காசு இல்லை, கவனம்.

ஒரு சாதாரண டூல்ரூமுக்குள் போய்ப் பார்ப்போம். முன்னறையில் டேலி ஓடும் ஒரு கணினி; ஜிஎஸ்டி, இ-வே பில், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் அதில்தான். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் அதிலேயே நாள் முழுக்கச் செருகியபடி இருக்கும். பக்கத்தில் டிராயிங் திறக்கவும் ப்ரோகிராம் எழுதவும் இன்னொன்று. அங்கிருந்து பென் டிரைவில் ஏறி சிஎன்சிக்குப் போகும். சில பழைய இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. பல லட்சம் ரூபாய் இயந்திரம், நன்றாக ஓடுகிறது, அதற்காக அதை மாற்றுவார்களா? மாட்டார்கள், மாற்றச் சொல்வதும் முட்டாள்தனம். அதை மற்ற கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வலையில் வைப்பதே வழி. அதற்குத் தேவை விவரம் தெரிந்த ஒருவரின் அரைநாள் வேலை. ஆன்டிவைரஸ் வாங்க மானியம் கொடுத்தால் அந்தப் பெட்டிக்கு ஒரு பயனும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மூலதன மானியத்தில் வரும் புதிய விஎம்சி இயந்திரம் இணைய வசதியோடு வருகிறது. பெங்களூருவிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ சர்வீஸ் இன்ஜினியர் அதற்குள் நுழையலாம். ஒரு மானியம் கதவைத் திறந்துவைக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் போட மானியம் இல்லை.

‘எங்கிட்ட திருட என்ன இருக்கு?’ என்பது கூடங்களின் உரிமையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. ரான்சம்வேர் ஆளைப் பார்த்து வருவதில்லை; திறந்து கிடக்கும் ரிமோட் இணைப்புகளை நிரல்கள் தானாகத் தேடிக்கொண்டே இருக்கின்றன. மேலும் அவர் கணினியில் இருக்கும் டிராயிங் அவருடையது அல்ல, வாடிக்கையாளருடையது. வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்.

இந்தப் பகுதியில் ரான்சம்வேரைவிடச் சத்தமில்லாமல் ஆளை வீழ்த்தக்கூடியது பில் மோசடி. கூடத்தின் மின்னஞ்சலுக்குள் ஒருவன் நுழைந்து வாரக்கணக்கில் சும்மா படித்துக்கொண்டிருப்பான். பெரிய பில் ஒன்று போகும் நாளில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து வாங்குபவருக்குக் கடிதம் போகும்: வங்கிக் கணக்கை மாற்றியிருக்கிறோம், இனி இதில் செலுத்தவும். லெட்டர்ஹெட், முத்திரை, பில் எண் எல்லாம் சரியாக இருக்கும். பணம் வேறெங்கோ ஒரு வாடகைக் கணக்குக்குப் போய், அங்கிருந்து சில மணி நேரத்தில் சிதறிவிடும். வாங்கியவர் ‘நாங்கள் கட்டிவிட்டோம்’ என்பார், விற்றவருக்கு வரவில்லை. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த ஆர்டரும் அதே இடத்திலிருந்து வர வேண்டியவர் எவ்வளவு தூரம் வாதாடுவார்?

அரசுக்கு இதில் கடமை உண்டு என்று நான் சொல்வது இரக்கத்தால் அல்ல. இவர்களை இணையத்துக்கு அழைத்து வந்ததே அரசு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2018 ஏப்ரலில் மாநிலம் கடக்கும் சரக்குக்கு இ-வே பில், 2020-இல் உத்யம் பதிவு, 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ். ஜூஜூவாடியிலிருந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு ஒரு டெம்போ பாகம் போனாலும் அது மாநிலம் கடந்த சரக்கு. கணினி இல்லாமல் இங்கே யாரும் தொழில் செய்ய முடியாது. பொறுப்புகளும் கூடவே வந்தன. ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட உத்தரவின்படி இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறுதொழில்களுக்குக் கிடைத்தது அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரையான அவகாசம் மட்டுமே. 2025 செப்டம்பரில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்றே 15 அடிப்படைக் கட்டுப்பாடுகளை அதே அமைப்பு வெளியிட்டது. ஆவணம் நல்ல ஆவணம்தான். கணினிப் பட்டியலில் தொடங்கி, திருத்தங்கள், கடவுச்சொல், பேக்கப், ஊழியர் விழிப்புணர்வு, ஆண்டுத் தணிக்கை என்று வேண்டியது எல்லாம் இருக்கிறது. யார் உட்கார்ந்து செய்வது என்பதற்குத்தான் பதில் இல்லை.

இருக்கும் பணம் எங்கே கிடக்கிறது? ஒன்றிய அரசின் டிஜிட்டல் எம்எஸ்எம்இ திட்டம், கிளவுட் சேவைக் கட்டணத்துக்கு ஒரு நிறுவனத்துக்கு இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் மானியம் என்று வகுத்தது. 2022 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்ட செட் தரச் சான்றிதழ்த் திட்டம் குறுநிறுவனத்துக்குச் சான்றிதழ்ச் செலவில் 80 விழுக்காடும் சிறுநிறுவனத்துக்கு 60 விழுக்காடும் ஏற்கிறது. அதன் 20 அளவுகோல்களில் பணியிடத் தூய்மை உண்டு, ஆற்றல் மேலாண்மை உண்டு, சமூகப் பொறுப்பு உண்டு. இடர் மேலாண்மை என்று பொதுவாக ஒன்றும் உண்டு. கணினிப் பாதுகாப்பு என்ற பெயரில் ஒன்றும் இல்லை. தரச் சான்றிதழ் செலவைத் திருப்பித் தரும் க்யூ-செர்ட் திட்டம் மாநில அரசிடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் சைபர் பாதுகாப்புக் கொள்கைகள், 2020-இல் ஒன்றும் 2024-இல் இரண்டாம் பதிப்பும், அரசுத் துறைகளின் கணினிகளையும் தரவுகளையும் காப்பதை முதன்மையாகக் கொண்டவை.

இவற்றில் பலவும் முதலில் செலவு செய், பிறகு கேள் என்ற வகை. பில்லுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருந்தும் அந்தப் பணத்துக்காகத் தவம் கிடக்கும் ஒரு கூடத்திடம் ‘ஆலோசகருக்கு நீ கொடுத்துவிடு, நாங்கள் பிறகு திருப்பித் தருகிறோம்’ என்றால் அது நடக்காது. அப்படியே யாராவது வாங்கினாலும் வாங்குவது பெட்டியில் வரும் மென்பொருளாகத்தான் இருக்கும், ஏனென்றால் பில் அதற்குத்தான் கிடைக்கும். ஓர் ஆண்டு உரிமம் முடிந்ததும் அது செத்துப்போகும்.

இங்கே யாரும் கணக்கில் எடுக்காத ஒருவர் இருக்கிறார். தொழிற்பேட்டையில் அவரை ‘சிஸ்டம் சர்வீஸ் பண்றவர்’ என்பார்கள். ஹார்ட் டிஸ்க் மாற்றுவது, பிரிண்டர் சரி செய்வது, டேலி ஏற்றிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். பல கூடங்களுக்கு ஒரே ஆள். எல்லோருடைய எனிடெஸ்க் ரிமோட் இணைப்பு எண்ணும் அவர் கைப்பேசியில். பல இடங்களில் அவர் வைத்த ஒரே கடவுச்சொல். நல்ல மனிதர், கூப்பிட்டால் ராத்திரியிலும் வருவார். ஆனால் அவர் மடிக்கணினி ஒன்று போனால் அத்தனை கூடங்களும் ஒரே நாளில் போகும். கோஜிமாவில் நடந்தது இதுவே: துணையாக வந்த இணைப்பு வழியே தாக்குதல்.

ஆகவே, கூடங்களுக்கு இடையே பகிர்ந்துகொள்ளும் பாதுகாப்பு ஆள் என்ற ஏற்பாடு ஓசூரில் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிறது, முறையில்லாமல் இருக்கிறது. அரசுப் பணம் போக வேண்டிய முதல் இடம் இதுதான். செர்ட்-இன் பட்டியலிட்டுள்ள தணிக்கை நிறுவனங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கின்றன. அவற்றின் கட்டணமும் அறிக்கையும் பெரிய நிறுவனங்களுக்கானவை. பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்யும் கணினிப் பாதுகாப்புப் பொறியாளர் ஓசூரில் வீடு எடுத்துத் தங்கி தினமும் எல்லை தாண்டிப் போய்வரலாம். அவருடைய சம்பளத்தை இங்குள்ள கூடம் நினைத்துப் பார்க்க முடியாது. அதற்காக அந்தத் தரத்து ஆள்தான் வேண்டும் என்பதும் இல்லை. அந்த 15 கட்டுப்பாடுகளில் பாதிக்கு மேல், பயிற்சி பெற்ற ஒரு டிப்ளமோக்காரர் செய்யக்கூடியவை. அதியமான் பொறியியல் கல்லூரி போன்றவை ஊரிலேயே இருக்கின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசத் தெரிந்த ஆள் ஓசூரில் கிடைப்பது போல வேறெங்கும் கிடைக்கமாட்டார். வடநாட்டுத் தொழிலாளி நிற்கும் ஷாப் ஃப்ளோரில் இந்தியும் கொஞ்சம் தேவைப்படும்.

எல்லை என்பது இன்னொரு சிக்கல். கர்நாடகம் 2024 ஆகஸ்டில் தன் சைபர் பாதுகாப்புக் கொள்கையை அறிவித்தது. ஐந்தாண்டுக்குச் சுமார் 104 கோடி ரூபாய், பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொடக்க நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை என்று அது போகிறது. பொம்மசந்திராவுக்குப் பாகம் அனுப்பும் ஓசூர்க் கூடத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் திருட்டுக்கு ஜூஜூவாடியில் சோதனைச் சாவடி கிடையாது. வாங்குபவர் கர்நாடகம், விற்பவர் தமிழ்நாடு, பணம் போன கணக்கு மூன்றாவது மாநிலம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது, அது உண்மையாகவே பயனுள்ள ஏற்பாடு. அதன் மறுபக்கமும் உண்டு: யாரோ ஏமாற்றிய பணத்தின் ஒரு துளி தெரியாமல் உங்கள் கணக்கில் விழுந்திருந்தால், எங்கோ ஒரு மாநிலக் காவல்துறையின் கோரிக்கையின் பேரில் உங்கள் கணக்கு முடங்கும். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டியவருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதிரி நேரத்தில் எந்த மாநிலத்தில் யாரிடம் எந்தத் தாளோடு போக வேண்டும் என்று தெரிந்த ஒருவர், எந்த மென்பொருளையும்விட மதிப்புள்ளவர்.

மானியத்தையே தூண்டிலாக்கும் கூட்டமும் இருக்கிறது. உத்யம் பதிவு இலவசம். ஆனால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தளங்கள் அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. ‘உங்களுக்கு மானியம் சாங்ஷன் ஆகியிருக்கிறது’ என்ற அழைப்பும் வரும். புதிதாக ஒரு பாதுகாப்பு மானியம் அறிவித்தால் அதன் பெயரிலேயே முதல் மோசடி நடக்கும் என்பதைத் திட்டம் போடுபவர்கள் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்.

வெளியே என்ன செய்திருக்கிறார்கள்? சிங்கப்பூரின் சைபர் பாதுகாப்பு முகமை, சிறுநிறுவனங்கள் தகுந்த ஆலோசகரை வைத்துக்கொள்ள 70 விழுக்காடு வரை செலவை ஏற்கிறது. பாதுகாப்பு அதிகாரி ஒருவரை முழுநேரமாக நியமிக்க முடியாதவர், அவருடைய நேரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார். பிரிட்டனில் 2023 தொடக்கத்தில் சட்ட உதவி நிறுவனங்கள், சிறு தொண்டு அமைப்புகள் சிலவற்றுக்குச் சுமார் 20 மணி நேர நிபுணர் உதவியை அரசே இலவசமாகத் தந்து சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழ் பெற வைத்தது. இரண்டிலும் அரசு வாங்கிக் கொடுத்தது மனித நேரம்.

இப்படிச் செய்யாமல் விட்டால் வரும் செலவுக்கும் பிரிட்டனே உதாரணம். 2025 ஆகஸ்ட் இறுதியில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் தாக்கப்பட்டு உற்பத்தி வாரக்கணக்கில் நின்றது. 5,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன என்றும் இழப்பு 190 கோடி பவுண்டு என்றும் அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. பாகம் செய்து கொடுப்பவர்களைக் காப்பாற்றவே என்று சொல்லப்பட்டாலும் கடன் பெரிய நிறுவனத்தின் பெயரில். அங்கே பாதிப்பு மேலிருந்து கீழே வந்தது, கோஜிமாவில் கீழிருந்து மேலே போனது. எந்தத் திசையில் வந்தாலும் கையிருப்பில்லாத சிறு கூடம்தான் முதலில் சாயும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரச் சான்றிதழில் அவசரநிலைத் திட்டம் என்ற பிரிவு சைபர் தாக்குதலையும் சேர்த்தே கேட்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் இருந்தால் டிசாக்ஸ் என்ற மதிப்பீடும் வரும். இவை கேள்வித்தாளாக ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்கி, கடைசியில் கணினி தெரிந்த மகனோ கணக்கரோ எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று நிரப்பி அனுப்பும் இடத்தில் முடிகின்றன. பாகத்தின் விலையில் இதற்கென்று பத்துப் பைசா சேர்த்துத் தராமல் இந்த ‘ஆம்’களை வாங்கி அடுக்கிவைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது கூடங்கள் சேர்ந்து இரண்டு ஆட்களை வைக்கின்றன என்று கொள்வோம். ஒருவருக்கு மாதம் 40,000 ரூபாய். ஆண்டுக்கு 9.6 லட்சம். ஒரு கூடத்துக்கு ஆண்டுக்கு 19,200. இதில் முக்கால் பங்கை அரசு ஏற்றால் கூடம் தர வேண்டியது மாதம் 400 ரூபாய். டிஜிட்டல் எம்எஸ்எம்இ திட்டத்தின் 1 லட்சம் உச்சவரம்பை அதே ஐம்பது கூடங்களுக்குப் பெருக்கினால் 50 லட்சம். அந்தப் பணத்தில் இந்த இரண்டு பேருக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம் முழுவதையும் கொடுத்து மிச்சமும் பிடிக்கலாம். நிர்வாகத்தை யார் பார்ப்பது? ஹோஸ்டியா என்ற ஓசூர் சிறு, குறு தொழில் சங்கம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் மேற்பார்வை செய்யலாம். ஆட்களை வேலைக்கு வைப்பவர், பயிற்சி கொடுப்பவர், தணிக்கை செய்பவர் மூவரும் ஒருவராகவே இருந்துவிடக் கூடாது.

எண்ணிப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று அதிகாரி கேட்பார். கேட்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல், காலியான ஒரு கணினியைக் கொண்டுவந்து வைத்து, முந்தைய நாள் டேலிக் கணக்கையும் டிராயிங்குகளையும் பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லலாம். மீண்டதா இல்லையா, எத்தனை மணி நேரம் ஆனது. இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. பேக்கப் இருக்கிறது என்று சொல்லும் இடங்களில் அது எப்போதும் கணினியிலேயே செருகிக் கிடக்கும் ஹார்ட் டிஸ்காக இருப்பது வழக்கம். ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். கழற்றி வைத்த டிஸ்க் ஒன்று இருந்தால்தான் இந்தச் சோதனையில் தேற முடியும். தேறிய கூடத்துக்கு அடுத்த தவணை, தேறாத கூடத்துக்கு முதலில் உதவி, பிறகும் தேறாவிட்டால் நிறுத்தம். மெஷின் நம்பரைக் குறிப்பதைவிட இது கடினமான வேலையும் இல்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. முன்னறைக் கணினிகள் எத்தனையோ அதில்தான் ஓடுகின்றன, ஆகவே இதை நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும் காலம் போய்விட்டது. பணத்துக்கு ஒரு வழியும் திறந்திருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு ஒன்றிய அரசு நடத்தும் ரேம்ப் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 6,062.45 கோடி ரூபாய். ஒவ்வொரு மாநிலமும் தன் சிறுதொழில்களுக்கு என்ன வேண்டும் என்று தானே திட்டம் எழுதி இதிலிருந்து பணம் கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு ஃபேம் டிஎன் நிறுவனத்திடம் இருக்கிறது. ஓசூர்ச் சங்கங்கள் தங்கள் தொழிற்பேட்டைக்கு இரண்டு ஆட்களுக்கான கோரிக்கையை எழுத்தில் அங்கே கொண்டுபோக வேண்டும். ரேம்ப் 2022-23-இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம். அதன் கடைசி நிதியாண்டு 2026-27.